ஊர்க்கட்டும் உயிர்க்காவலும்

உறையூரிலிருந்து அரசாண்ட கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் இருவரோடு பகை கொண்டு அவர்மேற் போருக்கெழுந்தான். அவ்வேளையில் புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடைநின்று அப்போரைத் தவிர்த்தார் என்பது புறநானூறு பயின்றோர் அறிந்த செய்தி. போர் நின்றது, மன்னன் உள்ளத்திலிருந்த துயர் நிற்கவில்லை. அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். பிற்காலத்தார் அவன் மானத்தையும் பிசிராந்தையாரின் நட்பையும் போற்றுவதிலேயே கருத்தூன்றினர். வரலாற்று நோக்குடையார்க்கோ வேறொரு வினா எழும். நண்பர்கள் அவனோடு இறக்க முன்வந்தனர். அவனை உயிரோடு இருத்தி வைக்கும் வழியொன்று அக்காலச் சமூகத்தில் இருந்ததா? நாடு போரிற் சிக்காமற் காக்க ஒரு சொல் உரிய வேளையிற் கிடைத்தது. தனிமனிதனொருவனின் துயரைத் தணிக்க அத்தகைய சொல் கிடைத்ததா?

இவ்வினா பழந்தமிழகத்தோடு முடிந்துபோனதன்று. தற்கொலை என்பது ஒருவர் தனித்திருந்து எடுக்கும் முடிவு, ஆதலின் அதனைப் பிறர் தடுத்தல் இயலாது என்னும் எண்ணம் இன்றும் பலரிடம் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பிழை என்பதற்கு இலங்கையின் அண்மைக்கால வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று வேறு நாடுகளிற் கிடைப்பது அரிது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, கீரி முதலிய மன்னார்க் கரையூர்களின் வாழ்வோடு அதனைப் பொருத்திப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தற்கொலையைச் சமூகத்தோடு தொடர்புபடுத்தி முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டுச் சமூகவியலறிஞர் எமில் துர்க்கைம் ஆவர். 1897 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், ஒவ்வொரு சமூகத்திலும் தற்கொலையின் அளவு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பதையும், சமூக நிலை மாறும்போது அவ்வளவும் மாறுவதையும் எடுத்துக்காட்டிற்று. குடும்பம், சமயம், ஊர் என்பவற்றோடு ஒருவர்க்குள்ள பிணைப்புத் தளரும்போது ஆபத்து மிகும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. பிணைப்பு அளவு கடந்து இறுகும்போதும் ஆபத்து உண்டு என்பது அவர் கண்ட மற்றொரு முடிவு. முன்னதைப் பலரும் நினைவிற் கொள்வர், பின்னதை மறந்துவிடுவர். நம் நாட்டை ஆராயுமிடத்து இரண்டும் வேண்டப்படும்.

1950 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓரிலட்சம் பேருக்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய 6 அல்லது 7 பேர் தற்கொலையால் இறந்தனர். உலக நாடுகளோடு ஒப்பிடுமிடத்து இது பெரிய எண்ணன்று. ஆனால் அடுத்த 45 ஆண்டுகளில் இவ்வளவு ஏறக்குறைய எட்டு மடங்காகப் பெருகி, 1995 ஆம் ஆண்டில் ஓரிலட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தை எட்டியது. உலகிலே மிக உயர்ந்த அளவுகளுள் அதுவும் ஒன்று. போரினால் இறந்தோரைப் பற்றி நாடெங்கும் பேசப்பட்ட அக்காலத்தில், போர் நிகழாத கிராமங்களிலும் இளைஞர் பெருந்தொகையினராய் மாண்டுகொண்டிருந்தனர். இறந்தவர் வீட்டிலே ஊரார் ஒரு நாட் கூடி அழுதனர். அதன்மேல் அதனை விதி என்று கூறி அமைந்தனர்.

இப்பெருக்கத்தின் காரணங்களை ஆராய்ந்தோர் பலர். ஜாக்குலின் ஸ்ட்ராஸ், மறே ஸ்ட்ராஸ் என்போர் 1953 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இலங்கையில் தற்கொலையையும் கொலையையும் சமூக அமைப்போடு ஒப்பிட்டது. இலங்கைத் தமிழரின் இறுக்கமான சமூகக் கட்டுக்கோப்பு அவர்களது கருத்தைக் கவர்ந்தது. கட்டுக்கோப்பு இறுகிய இடத்தில் மனிதன் தன் சினத்தைப் பிறர்மேற் செலுத்தாது தன்மேலே திருப்பிக்கொள்ளக்கூடும் என்பது அத்தகைய ஆய்வுகள் எழுப்பிய சிந்தனை. 1985 இல் ராபர்ட் கேர்னி, பாபரா மில்லர் என்போர் எழுதிய ஆய்வோ மக்கட்டொகைப் பெருக்கத்தையும், வேறிடஞ் சென்று குடியேறுதலையும், கல்வி பெற்ற இளைஞர் தொழிலுக்காகப் போட்டியிடும் நெருக்கடியையும் சுட்டியது. ஒரு சாரார் கட்டின் இறுக்கத்தைக் கூறினர். மற்றொரு சாரார் கட்டு அறுந்ததைக் கூறினர். துர்க்கைம் கூறிய இரு நிலைகளும் ஒரே தீவில் ஒருங்கே காணப்பட்டன.

இவற்றோடு மூன்றாவது காரணமொன்றும் சேர்ந்தது. 1960 ஆம் ஆண்டுகளுக்குப் பின் பசுமைப் புரட்சி வயலிற் புகுந்தபோது, அதனோடு கொடிய கிருமிநாசினிகளும் கமக்காரர் வீடுகளுட் புகுந்தன. முன்னர்க் கோபத்தாலோ அவமானத்தாலோ ஒரு கணம் நிலைதடுமாறியவர் மறுநாள் தெளிந்து எழுந்திருப்பார். நஞ்சு வீட்டு மூலையிலே இருக்கும் நிலை வந்தபின், அவ்வொரு கணமே இறுதிக் கணமாயிற்று. வைத்தியசாலை தொலைவில் இருந்தது; அங்கே சேர்ந்தாலும் அந்நஞ்சுகளுக்கு மாற்று அரிதாயிருந்தது. இறக்க வேண்டும் என்ற உறுதியான எண்ணமின்றியே இறந்தவர் இவர்களுள் மிகப் பலர் என்பதைப் பின்வந்த வைத்திய ஆய்வுகள் வெளிப்படுத்தின.

சட்டமும் அக்காலத்தில் துயருற்றார்க்குத் துணையாய் இருந்ததில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை தற்கொலை முயற்சியைக் குற்றமென விதித்துச் சிறைத் தண்டனைக்கும் இடமளித்தது. இங்கிலாந்து 1961 இல் அத்தகைய சட்டத்தை நீக்கிவிட்டது. அதனை இரவலாகப் பெற்ற இலங்கையோ 1998 வரை கைவிடவில்லை. உயிர் பிழைத்தவர் படுக்கைக்குப் பொலிசார் வந்து விசாரிக்கும் நிலை இருக்குமாயின், வீட்டார் உண்மையை மறைப்பர். வைத்தியரிடம் செல்லத் தாமதிப்பர். பிழைத்தவரும் தம் மனத்தைத் திறந்து பேச அஞ்சுவர். சட்டம் அச்சத்தை வளர்த்ததேயன்றி உயிரைக் காத்ததில்லை.

மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. இங்கிலாந்தில் 1953 இல் சாட் வாரா என்னும் குருவானவர் தொடங்கிய சமாரித்தர் இயக்கத்தைப் பின்பற்றி, 1974 இல் ஜோன் டி மெல் என்னும் அம்மையார் கொழும்பிலே 'சுமித்ரயோ' என்னும் தொண்டர் அமைப்பை நிறுவினார். நல்ல நண்பர் என்பது அப்பெயரின் பொருள். அறிவுரை கூறாது, குற்றங் காணாது, துன்புற்றவர் கூறுவதைச் செவிமடுத்தலே அத்தொண்டர் பணி. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கிருமிநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொடிய நஞ்சுகளை ஆராய்ந்து விலக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. 1984 இல் சில நஞ்சுகள் விலக்கப்பட்டன. 1995 இல் உலகச் சுகாதாரத் தாபனம் மிகக் கொடியவை என முதல் வகுப்பிற் சேர்த்தவற்றுள் எஞ்சியிருந்தவையும் தடுக்கப்பட்டன. 1998 இல் மற்றொன்றும், 2008 முதல் 2011 வரை வேறு மூன்றும் விலக்கப்பட்டன. 1997 இல் தற்கொலைத் தடுப்புக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டதும், அடுத்த ஆண்டில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டதும் இக்காலத்து நிகழ்ச்சிகளேயாம்.

விளைவு யாது? 1995 இன் உச்சத்திலிருந்து தற்கொலை அளவு இறங்கத் தொடங்கிப் பத்தாண்டுகளிற் பாதியாகக் குறைந்தது. 1986 முதல் 1995 வரையுள்ள பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரையுள்ள பத்தாண்டுகளில் இறந்தோர் தொகை ஏறக்குறைய 20,000 குறைவு. 2015 அளவில் வீழ்ச்சி ஏறக்குறைய 70 சதவீதமாயிற்று. இவ்விருபது ஆண்டுகளிற் காக்கப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சல் குன்றும் என்று அஞ்சியோரும் உளர். ஆயினும் இத்தடைகளால் நெல் விளைச்சல் வீழ்ந்ததாகக் காணப்படவில்லை.

இவ்விடத்து ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. இறப்புக் குறைந்த அதே காலத்தில், நஞ்சுண்டு வைத்தியசாலை சேர்ந்தவர் தொகை குறையவில்லை, கூடியது. மக்களின் துயரம் குறைந்ததால் உயிர்கள் பிழைத்தன என்று கூற இயலாது. துயரம் இருந்தது, அதனைச் சூழ்ந்திருந்த நிலைமை மாறியது. தடுமாறிய கணத்தில் கைக்கெட்டியது முன்போற் கொடியதாய் இல்லாமையால் மறுநாள் என்பது கிடைத்தது. மறுநாள் கிடைத்தவர்களிற் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியை நாடாது வாழ்ந்து முடிக்கின்றனர் என்பது பல நாட்டு ஆய்வுகளின் துணிபு. இங்கிலாந்திலும் 1960 ஆம் ஆண்டுகளில் வீட்டு அடுப்புக்குரிய நச்சு வாயு மாற்றப்பட்டபோது தற்கொலை தொகையளவிற் குறைந்தது. ஒரு வழி அடைபட்டால் மறு வழியை நாடியே தீருவர் என்னும் பழைய நம்பிக்கை அங்கும் பொய்த்தது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெற்றன என்பதும் சரியன்று. வட மத்திய மாகாணத்து 180 கிராமங்களில், நஞ்சைப் பூட்டி வைக்கும் பெட்டிகளை வீட்டுக்கு வீடு வழங்கிப் பார்த்த பேராய்வொன்றின் முடிவு 2017 இல் வெளிவந்தது. பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திறவுகோல் அவ்வீட்டிலேயே இருந்தது என்பதை நினைக்க இதிலே வியப்பில்லை. தமிழ்நாட்டிற் காட்டுமன்னார்கோயிற் பகுதியில் சென்னைச் சிநேகா அமைப்பினர் ஊருக்குப் பொதுவான களஞ்சியமொன்றில் நஞ்சை வைக்கச் செய்த சிறு முயற்சி நம்பிக்கை அளித்தது. அது சில ஊர்களளவில் நின்றதாகலின் அதனைக் கொண்டு பெரிய முடிவு கட்டலாகாது. எனினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் எண்ணம் தோன்றும். வீட்டின்மேற் சுமத்திய பொறுப்புப் பயன் தரவில்லை. நாடு ஏற்ற பொறுப்புப் பயன் தந்தது. ஊர் ஏற்கும் பொறுப்பும் பயன் தரக்கூடும்.

ஊர் ஏற்கும் பொறுப்பு எத்தகையது என்பதை அறிய மன்னார்க் கரைக்குச் செல்வோம். மன்னார் நகருக்கு அண்மையிலுள்ள கீரியும் அதனையொத்த கரையூர்களும் கடலை நம்பி வாழ்வன. இக்கரைகளின் பழைய தொழிலாகிய கரைவலை ஒருவரால் இயலும் தொழிலன்று. வலையைத் தோணியில் ஏற்றிக் கடலில் வளைத்து விட்டபின், இரு தலைக் கயிறுகளையும் இரு கூட்டத்தார் கரையில் நின்று இழுத்து வருவர். மடியில் வந்த மீனின் பெறுமதியிற் சம்மாட்டிக்குரிய பங்கு போக எஞ்சியதை இழுத்தவர் பகிர்ந்துகொள்வர். மீன் படாத நாளில் அனைவர்க்கும் இல்லை. பட்ட நாளில் அனைவர்க்கும் உண்டு. ஒருவர் விடியற்காலையிற் கரைக்கு வாராவிடிற் கயிற்றில் அவரிடம் வெறுமையாகத் தெரியும். ஏன் வரவில்லை என்று கேட்டு வர ஆள் போகும். அக்கேள்வியே ஓர் உயிர்க்காவல். அதனை எவரும் தற்கொலைத் தடுப்பு என்று பெயரிட்டு அழைத்ததில்லை.

இத்தகைய பிணைப்பைப் போர் இருவகையாற் பாதித்தது. யாழ்ப்பாணத்து மனநோய் வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும் உடனாய்வாளரும் வடபகுதித் தற்கொலைகளை ஆராய்ந்து, போர் உக்கிரமடைந்த காலத்தில் அவை குறைந்ததைக் கண்டு எழுதினர். பொதுவான ஆபத்து மனிதரை ஒன்றுசேர்க்கும் எனத் துர்க்கைம் ஐரோப்பியப் போர்களைக் கொண்டு கூறியதற்கு இது ஒத்திருந்தது. ஆனால் இதனாற் போர் உயிரைக் காத்தது என்று கொள்வது பேதைமை. ஆபத்து நீங்கியபின் கூட்டம் கலையும். ஒவ்வொருவரும் தத்தம் இழப்போடு தனித்து விடப்படுவர். ஒருவர் எவ்வளவு இழந்தார் என்பது அப்போதுதான் அவர்க்கே தெரியவரும். ஆகையாற் போருக்குப் பின்வரும் அமைதிக் காலமே மிக்க விழிப்புக்குரிய காலம்.

மன்னார் கண்ட சிதைவு பெரிது. 1964 டிசம்பரிலே தனுஷ்கோடியை அழித்த சூறாவளி மன்னார்த் தீவையும் தாக்கிற்று. அன்று இழந்தது வீடும் வள்ளமும். 1990 இல் இழந்ததோ அயலவரை. அவ்வாண்டு முதல் தமிழ்க் குடும்பங்கள் பல வள்ளமேறி இராமேசுவரஞ் சென்று மண்டபம் முகாமை அடைந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களினின்றும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் முஸ்லிம்கள் புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின் மீண்டவர் முன்னிருந்த ஊரைக் காணவில்லை. கயிற்றில் இடம் வெறுமையாயிருப்பதைக் கண்டு கேட்கும் கண்கள் சிதறிப்போயிருந்தன. சில கரைகளில் உழவு இயந்திரங்கொண்டு வலை இழுக்கும் வழக்கம் வந்தபின் கயிற்றிலிருந்த கைகளும் குறைந்தன.

இதன்மேற் கடன் வந்து சேர்ந்தது. எல்லை கடந்து வரும் இழுவைப் படகுகளால் வலையிழந்த தொழிலாளியும், துணைவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்ணும் நுண்கடன் நிறுவனங்களை நாடினர். கிழமைதோறும் படலையில் வந்து நிற்கும் கடன் சேகரிப்பவர் முன்னே அயலார் பார்க்கத் தலைகுனியும் நிலை பலர்க்கு ஏற்பட்டது. வரட்சியால் வருந்திய மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நீக்க 2018 இல் அரசு முன்வந்தமை, இத்துன்பத்தின் அளவை ஒப்புக்கொண்டமையேயாகும். கடனைச் சுருக்கும் சட்டமும், வட்டிக்கு வரம்பு கட்டும் விதியும், கூட்டுறவுச் சங்கத்தின் நேர்மையும் மனநல வைத்தியத்துக்குப் புறம்பானவை போற் காணப்படும். உண்மையில் அவை அதன் முதற்படி.

நம் ஊர்களில் உயிர்க்காவலுக்குரிய நிலையங்கள் ஏற்கெனவே உள்ளன. மரண சகாயச் சங்கம், சனசமூக நிலையம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை என்பன அவை. மரணம் நிகழ்ந்தபின் பந்தலும் பணமும் ஆளும் கொண்டு வரும் சங்கம், மரணத்தின் முன்னர் ஒரு நாள் அவ்வீட்டுக்குச் செல்லத் தடையாதுமில்லை. சமயங்களின் போக்கும் கனிந்துள்ளது. கத்தோலிக்கத் திருச்சபை 1983 இற் புதுக்கிய சட்டத் தொகுப்பில், தற்கொலையால் இறந்தோர்க்கு அடக்கச் சடங்கை மறுக்கும் பழைய விதியை விட்டுவிட்டது. சைவரும் இறந்தவரைப் பாவியென்று பழித்தலால் எஞ்சியோரின் துயரைப் பெருக்குவதன்றிப் பயன் காண்பதில்லை. குறளில் 'இடுக்கண் அழியாமை' என ஓரதிகாரமே உண்டு. அதனைத் துன்புறுவார்க்குப் பாடமாக ஒப்புவிப்பதினும், அவர் இடுக்கண் அழியாதிருக்கத் தோள்கொடுத்தலே அதனைக் கற்றதன் பயன்.

எனினும் ஊர்க்கட்டு என்றவுடன் பழைய ஊரை அப்படியே மீட்டல் வேண்டும் என்று கொள்ளலாகாது. துர்க்கைம் கூறிய இரண்டாவது நிலையை இங்கு மறத்தலாகாது. பரீட்சையிற் தவறியவனைச் சபையில் இகழ்வதும், சாதி கடந்து அன்பு கொண்டவளை வீட்டில் அடைப்பதும், கணவனிடம் அடிபட்டவளைக் குடும்ப மானங் கருதித் திருப்பி அனுப்புவதும் அதே ஊர்க்கட்டின் செயல்கள். குடியினால் வீட்டிலெழும் பூசலை 'அது அவர்கள் வீட்டு விடயம்' என்று விடுவதும் அத்தகையதே. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்னும் அச்சத்தால் நலிந்தவர் பலர். அந்நாலு பேரும் வந்து, 'என்ன நடந்தது? நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்வாராயின் அவ்வச்சம் நீங்கும். கட்டு வேண்டும், அது மானத்தின் கட்டாக அமையாது பரிவின் கட்டாக அமைதல் வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாது? ஒருவரது பேச்சிலும் நடையிலும் நம்பிக்கையிழப்புத் தோன்றுமாயின், உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டோ என்று அவரிடமே தனித்து அன்போடு கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்கும் என்பது தவறான கருத்து. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றனர் என ஆய்வுகள் கூறுகின்றன. கூறுவதை இடைமறியாது கேட்டலும், ஆபத்தானவற்றை அப்புறப்படுத்தலும், அவரைத் தனித்து விடாது வைத்தியசாலைக்கு உடன் அழைத்துச் செல்லலும் அடுத்த கடமைகள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் எவரும் எந்நேரமும் அழைத்துப் பேசத்தக்கது. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளிற் பாடசாலை சித்தியெய்தியோரைப் பாராட்டுவதோடு நின்றுவிடாது, எய்தாதவர் வீட்டுக்கு ஓர் ஆசிரியரை அனுப்புமாயின் அதுவும் நற்கல்விப் பணியேயாகும்.

இலங்கை வரலாறு உணர்த்துவது இதுவே. 47 என்னும் எண்ணை விதி எழுதவில்லை; அதனைக் குறைத்ததும் விதியன்று. சட்டமியற்றியோர், வைத்தியர், செவிமடுத்த தொண்டர் எனப் பலர் பல்லாண்டு செய்த சிறு செயல்கள் திரண்டு, 93,000 பேருக்கு மறுநாளைக் கொடுத்தன. நஞ்சை அகற்றும் பணியிற் பெரும்பகுதியை நாடு செய்து முடித்தது. துயரைக் கேட்கும் பணி ஊரிடம் எஞ்சி நிற்கின்றது. விடியற்காலையிற் கரைக்கு வாராத ஒருவரைத் தேடி ஆள் அனுப்பிய பழைய வழக்கத்தைக் கீரிக் கரையும் ஏனைய ஊர்களும் புதிய முறையிற் பேணுமாயின், அப்பணியும் நிறைவேறும்.